சக்கரத்துக்குப் பூட்டு, சாவி எங்கே?

வீட்டில் எத்தனை சாவிகள் இருக்கின்றன என்று குடும்பத் தலைவியைக் கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லி விடுவாள். வாசல் கதவு, பீரோ, பீரோவுக்குள் இருக்கும் லாக்கர், மொட்டை மாடிக் கதவு, ஸ்கூட்டர், கார். ஆனால் அந்தக் காருக்குள்ளேயே இன்னொரு சாவி இருக்கலாம், அது சாவி மாதிரியே இராது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். தையல் நூல்கண்டு அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு, அவ்வளவுதான். அதைத் தொலைத்தவர்கள் படும் பாடு இருக்கிறதே, பீரோச் சாவியைத் தொலைத்தவர்கள் கூடப் பட்டிருக்க மாட்டார்கள். பீரோவை நடுரோட்டில் நின்று திறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வருவதில்லையே!

சமாச்சாரம் இதுதான். பழைய இரும்புச் சக்கரத்தைத் திருட யாரும் மெனக்கெட்டதில்லை. அலுமினியக் கலவையில் வார்த்த அலாய் சக்கரம் வந்த பிறகு கதை மாறிற்று. நகை போலப் பளபளக்கும், விலையும் அதிகம். இராத்திரி தெருவில் நிறுத்திய கார், விடிந்து பார்த்தால் செங்கல் அடுக்கின் மேல் நிற்கும். இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் லாக் நட். சில கார்களுடன் கம்பெனியாரே கொடுத்து விடுகிறார்கள். கடையில் வாங்கிப் போட்டுக் கொள்பவர்களும் உண்டு.

ஒரு சக்கரத்துக்கு நாலோ ஐந்தோ நட் இருக்கும். (சில கார்களில் நட்டுக்குப் பதில் போல்ட்.) அவற்றில் ஒன்றை எடுத்து விட்டு அந்த இடத்தில் லாக் நட்டை மாட்டுவார்கள். மற்றவை ஆறு பட்டை உள்ளவை. எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்கும். லாக் நட்டின் வெளிப்புறமோ வழவழவென்று உருண்டையாக இருக்கும். முகத்தில் மட்டும் சிக்குக் கோலம் போட்டாற்போல் வளைந்து வளைந்து ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் மேடு சாவியின் வாயில் இருக்கிறது. கோலத்துக்குக் கோலம் வித்தியாசம் உண்டாகையால், பக்கத்து வீட்டுச் சாவியை இரவல் வாங்கிக் காரியம் நடக்காது. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே சாவி.

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திண்டிவனம் தாண்டிச் சென்னைக்குத் திரும்பும் வழியில் டயர் பஞ்சர் என்று வைத்துக் கொள்ளுங்கள். பின் ஸீட்டில் குழந்தைகள் தூங்கி வழிகின்றன. ஜாக்கி இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது, ஸ்டெப்னியில் காற்றும் இருக்கிறது. மூன்று நட் சமர்த்தாகக் கழன்று விட்டன. நாலாவது வழுக்குகிறது.

"என்னங்க, இதுக்குன்னு ஒரு குட்டிச் சாமான் கொடுத்தாங்களே, அது எங்கே?"

"எந்தக் குட்டிச் சாமான்?"

இந்தக் கேள்விக்குப் பிறகு தம்பதிகளுக்குள் நடக்கும் சம்பாஷணையை அச்சிடுவதற்கில்லை.

அந்த நேரத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. அலாய் சக்கரக் கார்களில் பெரும்பாலும் ட்யூப் இல்லாத டயர்தான் இருக்கும். தரையில் படும் பாகத்தில் ஆணி ஏறியிருந்தால், சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் கடைக்காரர் ரப்பர்த் திரியைச் செருகி அடைத்து விடுவார். ஆகவே சாவி இல்லை என்றதும் கதிகலங்க வேண்டியதில்லை. கழற்றிய நட்டுகளைத் திரும்ப முடுக்கி விட்டு ஆளைக் கூப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. வண்டியை ஏற்றிக் கொண்டு போகத்தான் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. உதவி வரும் வரை நாலு விளக்கும் மின்னட்டும்; குழந்தைகளுடன் சாலையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். இருட்டில் லாரிகள் பறக்கும் ரோட்டோரம் சுத்தியலும் கையுமாகப் பராக்கிரமம் காட்ட வேண்டாம் என்று கணவன்மார்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலை தேடுவது. ஸ்டெப்னிக்கு அடியில், ஜாக்கி வைக்கும் பையில், டாஷ்போர்டுப் பெட்டியில், கதவுப் பையில், ஸீட்டுக்கு அடியில். அங்கெல்லாம் இல்லையா? கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றிய டயர் கடைக்குப் போன் செய்யுங்கள். கழற்றி மாட்டிய பையன் அதைத் தன் ஸ்பேனரோடு சேர்த்துக் கடைப் பெட்டியிலேயே போட்டிருப்பது சர்வ சாதாரணம். கடைக்காரர் "இல்லீங்கம்மா" என்றாலும், இன்னொரு தடவை தேடச் சொல்லுவதில் தப்பில்லை.

அடுத்தது நம்பர். புதிதாக வரும்போது சாவியோடு ஒரு சிறு அட்டை இருக்கும். அதில் கோலத்துக்குரிய எண் அச்சிட்டிருக்கும். சாவியின் மேலேயும் பொறித்திருப்பதுண்டு. ஆனால் தொலைந்த சாவியில் உள்ள நம்பரால் யாருக்குப் பிரயோஜனம்? அட்டை கிடைத்தால் கம்பெனி மூலம் அதே சாவி தருவிக்கலாம். அட்டையும் இல்லாவிட்டால், கார் வாங்கிய இடத்து ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். தங்கள் கார்களுக்கு வரும் எல்லாக் கோலத்துக்கும் ஒவ்வொரு சாவியாகப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் ஒர்க்ஷாப்புகள் உண்டு. சேதாரமில்லாமல் காரியம் முடிய இதுவே நல்ல வழி.

இதுவும் இல்லையென்றால்தான் பலாத்காரம். அதற்கென்றே ஒரு சாக்கெட் இருக்கிறது. உள்ளே இடம்புரியாக வெட்டிய பற்கள். நட்டின் மேல் அடித்து இறக்கி இடப்பக்கமாகத் திருப்பினால், திருப்பத் திருப்ப நட்டைக் கவ்விக் கொண்டே போகும். அது இல்லாத கடையில், பன்னிரண்டு முனை சாக்கெட்டில் கொஞ்சம் சின்ன அளவாகப் பார்த்து அடித்து ஏற்றுவார்கள். பல நட்டுகள் இதற்கு மசிந்து விடும். ஆனால் சில நட்டுகளுக்கு வெளியே தனியாகச் சுழலும் ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள். சாக்கெட்டைத் திருப்பினால் வளையம்தான் சுற்றும், நட் அசையாது. அதைச் செய்தவன் கெட்டிக்காரன்தான்! மெக்கானிக் முதலில் வளையத்தை உடைத்து எடுத்து விட்டு, பிறகு நட்டைப் பிடிக்க வேண்டும்.

சிலர் நட்டின் மேல் வேறொரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பலாம் என்பார்கள். டயர் மாட்டிய சக்கரத்தில் அந்த நெருப்பைக் காட்ட விடாதீர்கள். சூடேறிய டயர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. சக்கரத்தில் கீறல் விழுவதைப் பற்றியும் கடைக்காரரிடம் முன்னாலேயே பேசிக் கொள்வது நல்லது. கழன்ற நட் அதோடு சரி, திரும்ப உதவாது.

இவ்வளவு சுலபமாகக் கழற்ற முடியுமானால் திருடனுக்கும் முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். அதே சாக்கெட்டை அவனும் வாங்கலாம். லாக் நட் அவனைத் தாமதப்படுத்தும், சத்தம் போட வைக்கும்; அந்த மட்டில் லாபம். இரவில் கேட்டுக்குள் நிறுத்தும் காருக்கு இது அவசியமா என்பது எனக்குச் சந்தேகமே. நாலையும் எடுத்து விட்டுச் சாதாரண நட் போட்டுக் கொண்டால் நிம்மதி. தெருவில் நிறுத்துகிறவர்கள் புதிய செட்டாக வாங்கி, அட்டையை ஆர்.சி. புத்தகத்தோடு வீட்டில் வைத்து விட்டு, நம்பரைப் போனில் படம் எடுத்துக் கொள்ளலாம்.

சாவி இருந்தும் வீணாவது டயர் கடையில்தான். "கடகட"வென்று காற்றுத் துப்பாக்கி வைத்துக் கழற்றுகிறார்களே, அந்த அதிர்ச்சியில் சாவியின் மேடு உடையும்; நட்டின் கோலம் மழுங்கும். "தம்பி, இந்த ஒண்ணை மட்டும் கையாலே கழட்டுப்பா" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். லாக் நட்டை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும் போது கடைசியில். மற்றவற்றைத் தளர்த்தி விட்டால் பாரமெல்லாம் இதன் தலையில் வந்து விழும். பிடிவாதம் பிடித்தால் அக்கம் பக்கத்து நட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள். இதன் மேல் உள்ள இழுப்புக் குறைந்து இளகும்.

இதற்கெல்லாம் பயில்வான் பலம் வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். சிறிய கார்களின் நட்டை இறுக்கும் அளவு பெரும்பாலும் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 35, 40 கிலோ அழுத்தம். 55 கிலோ எடையுள்ள பெண்மணி தாராளமாகச் செய்யலாம். சக்கரம் தரையில் இருக்கும்போதே, சாவி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கைப்பிடியை இடப்பக்கம் நீட்டி வைத்து, உடம்பின் பாரத்தை மெதுவாக அதன் மேல் இறக்குங்கள். உதைக்கக் கூடாது, சாவி துள்ளி விடும். (அந்தக் காலத்து ப்ளிமத், டாட்ஜ் கார்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை தலைகீழாக இருந்தது. தெரியாமல் திருப்பி இறுக்கியவர்கள் எத்தனை பேரோ!) மாட்டி 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை இறுக்கம் பார்த்து விடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், பெயிண்டைப் பார்ப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தையும் இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்குவார்கள். சக்கரத்தின் அருகே குனிந்து பாருங்கள். ஒரு நட் மட்டும் வேறு மாதிரி இருந்தால், அதன் சாவியை டிக்கியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி, ஒரு சக்கரத்தில் கழற்றி மாட்டியும் பாருங்கள். விற்பவர் திருதிருவென்று விழித்தால், நாலு நட்டின் கிரயத்தையும் கழற்றும் கூலியையும் விலையில் குறைத்துக் கொண்டு பேசலாம்.