உங்கள் வணிகக் கணக்குகள் எந்தப் பதிப்பில் இருக்கின்றன?

நமது வங்கியில் ரொக்கக்கடன் கணக்கு வைத்திருக்கும் மருந்து மொத்த வணிகர் ஒருவர், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் சரக்கிருப்பு அறிக்கையைத் தவறாமல் அளித்துவிடுவார். ஒரு மாதம் மட்டும் அந்தத் தேதி கடந்தும் அறிக்கை வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தோம். "பழைய பில் எல்லாம் பார்க்க முடிகிறது சார். புதிதாக ஒன்றைக்கூடப் பதிய முடியவில்லை" என்றார் அவர்.

அவருடைய கணினிப் பழுதுபார்ப்பவர் தரவுகளைக் காப்புப்பிரதி எடுத்துச் சென்று, கிடங்கில் இருந்த மற்றொரு கணினியில் ஏற்ற முயன்றார். அந்தக் கணினி அதை ஏற்க மறுத்தது. மேலும் இரண்டு நாள்கள் கழிந்தன. கடையில் கையெழுத்துப் பில் போடும் நிலை வந்தது. இறுதியில் பில்லிங் மென்பொருளை விற்ற நிறுவனத்தார் ஒரே ஒரு கேள்வி கேட்டனர்: "உங்கள் தரவுத்தள சர்வரின் பதிப்பு என்ன?" கடையில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

விடை தெரிந்த ஒரு மணி நேரத்தில் காரணமும் புலப்பட்டது. கடைக் கணினியில் இருந்தது எஸ்க்யூஎல் சர்வர் 2014இன் இலவச எக்ஸ்பிரஸ் வகை. அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. பல ஆண்டுப் பில்களால் அந்த எல்லை நிரம்பிவிட்டது. கிடங்குக் கணினியில் இருந்தது கட்டணம் செலுத்தி வாங்கிய வகை. அதற்கு அந்த எல்லை இல்லை. ஆனால் அது 2012ஆம் ஆண்டுப் பதிப்பு. புதிய பதிப்பில் எடுத்த காப்புப்பிரதியைப் பழைய பதிப்பு திறக்காது. இரண்டு கணினிகளிலும் பழுது ஏதும் இல்லை. அவற்றின் பதிப்பு தெரியாமல் இருந்ததே குறை.

வங்கிக்கு இதில் என்ன அக்கறை?

ரொக்கக்கடன் கணக்கில் நீங்கள் எவ்வளவு தொகை எடுக்கலாம் என்பது சரக்கிருப்பு அறிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் பழைமையான அறிக்கையை வைத்துக் கணக்கிட்ட வரம்பின்கீழ் உள்ள நிலுவை, ஒழுங்கற்ற நிலுவையாகவே கருதப்படும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்நிலை தொடர்ந்து 90 நாள்கள் நீடித்தால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். நல்ல வணிகம் நடந்தும், கணினி அறிக்கை தராத காரணத்தால் ஒரு கணக்கு அந்தப் பாதையில் நகர்வதை நாங்கள் விரும்புவதில்லை. ஆகவேதான் கணினித் துறைக்குரியதாகத் தோன்றும் இந்தச் செய்தியை வாடிக்கையாளர்கள் முன் வைக்கிறோம்.

மூன்று விவரங்கள்

உங்கள் பில்லிங் அல்லது கணக்கு மென்பொருள் என்பது கடையின் முகப்பு போன்றது. பின்னால் இருக்கும் கிடங்குதான் தரவுத்தள சர்வர். முகப்பின் பெயர் எல்லோருக்கும் தெரியும்; கிடங்கின் பெயர் பலருக்குத் தெரியாது. அதைப் பற்றி மூன்று விவரங்கள் தேவை. முதலாவது, அது யாருடைய தயாரிப்பு: எஸ்க்யூஎல் சர்வரா, மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா, ஆரக்கிளா என்பது. இரண்டாவது, அதன் பதிப்பு எண். மூன்றாவது, அது இலவச வகையா, கட்டண வகையா என்பது. மேலே கூறிய வணிகரின் இன்னல் இரண்டாவது, மூன்றாவது விவரங்களை அறியாததால் நேர்ந்தது.

பதிப்பைக் கண்டறிவது எப்படி?

எஸ்க்யூஎல் சர்வரில், மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ என்னும் இலவசக் கருவியைத் திறந்தால் இடப்பக்கத்தில் சர்வரின் பெயரை ஒட்டியே பதிப்பு எண் தெரியும். 'செலெக்ட் @@வெர்ஷன்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டால், பதிப்போடு வகையும் சேர்ந்து வரும். இங்கே ஒரு குழப்பம் உண்டு: பெட்டியில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், திரையில் வேறொரு எண் தோன்றும். 11 என்றால் 2012. 12 என்றால் 2014. 13 என்றால் 2016. 14 என்றால் 2017. 15 என்றால் 2019. 16 என்றால் 2022. திரையில் 12 என்று கண்டு, அதை 2012 என்று எழுதிவைத்தவர்கள் உண்டு.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் 'செலெக்ட் வெர்ஷன்' என்று எழுதி, இறுதியில் ஒரு வெற்று அடைப்புக்குறியைச் சேர்த்தால் போதும். போஸ்ட்கிரெஸ்ஸில் 2017க்கு முன் 9.5, 9.6 என இரண்டு எண்கள் சேர்ந்தே ஒரு முதன்மைப் பதிப்பைக் குறித்தன. பதிப்பு 10 முதல் முதல் எண் மட்டுமே அதைக் குறிக்கிறது. எனவே 9.5, 9.6 ஆகியவை வெவ்வேறு முதன்மைப் பதிப்புகள், 15.2, 15.4 ஆகியவை ஒரே முதன்மைப் பதிப்பின் திருத்தங்கள். மைஎஸ்க்யூஎல்லிலோ 5.7க்கு அடுத்து வந்தது 8.0, இடையில் எதுவும் விடுபட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஆரக்கிளில் 'வி$வெர்ஷன்' என்னும் பட்டியலைக் கேட்டால் விடை வரும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபியில் வேறொரு வியப்பு உண்டு. அதன் 10ஆம் வரிசைப் பதிப்புகள், பழைய மென்பொருள்களோடு இணங்குவதற்காக, தொடர்பு கொள்ளும் கணினியிடம் தம் எண்ணுக்கு முன்னால் 5.5.5 என்று சேர்த்துச் சொல்லும். அதைப் பார்த்துவிட்டுச் சர்வர் மிகப் பழையது என்று முடிவுகட்டக் கூடாது. பின்னால் வரும் எண்ணே உண்மையான எண்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, சர்வரின் பதிப்புக்குப் பதிலாக, அதனோடு பேசும் கருவியின் பதிப்பைக் குறித்துக்கொள்வது. கருவி உங்கள் மேசையில் இருக்கலாம். சர்வர் வேறொரு கணினியில் இருக்கலாம். இரண்டின் எண்களும் வேறுபடலாம். சர்வருக்குள் நுழைந்த பிறகு அதனிடமே கேட்டுப் பெறும் எண்தான் சரியானது. இரண்டாவது, ஒரே கணினியில் இரண்டு சர்வர்கள் இருப்பதை அறியாமல் விடுவது. ஊதியப் பட்டியலுக்கு ஒரு மென்பொருள், பில்லிங்குக்கு வேறொரு மென்பொருள் என வாங்கும்போது, ஒவ்வொன்றும் தனக்குரிய சர்வரைத் தானே நிறுவிக்கொள்வது உண்டு.

அறியாத சர்வர் தரும் ஆபத்து

இந்த அறியாமையின் விலையை உலகம் 2003 ஜனவரி 25 அன்று கண்டது. ஸ்லாமர் என்னும் கணினிப் புழு இந்திய நேரப்படி காலை 11 மணியளவில் பரவத் தொடங்கியது. ஏறத்தாழ பத்தே நிமிடங்களில், அதற்கு இடம் கொடுக்கக்கூடிய சர்வர்களில் பெரும்பாலானவற்றைத் தாக்கியது. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்றின் ஏறக்குறைய 13,000 ஏடிஎம்களில் பணம் எடுக்க இயலாமல் போனது. எஸ்க்யூஎல் சர்வர் 2000இல் இருந்த ஒரு குறையே அதற்கு வழி. அக்குறைக்கான திருத்தம் 2002 ஜூலை மாதமே, அதாவது ஆறு மாதங்களுக்கு முன்பே, வெளியிடப்பட்டிருந்தது. ஆயினும் பலர் அதை இடவில்லை. வேறு மென்பொருள்களோடு சேர்ந்து வந்த அதன் சிறிய வடிவம் தங்கள் கணினியில் இருப்பதே பலருக்குத் தெரியாது. இருப்பது தெரியாதபோது திருத்துவது எவ்வாறு?

நான்கு பழுதுகளும் தீர்வுகளும்

பழைய பதிவுகளைப் பார்க்க முடிந்து, புதியவற்றைப் பதிய முடியாவிட்டால், முதலில் வகையையும் அளவையும் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்ஸின் 2008 ஆர்2 முதல் 2022 வரையான பதிப்புகளில் எல்லை 10 ஜிபி. இது ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனியான எல்லை. எனவே முந்தைய ஆண்டுகளைத் தனித் தரவுத்தளத்துக்கு மாற்றலாம். அல்லது கட்டண வகைக்கு உயர்த்தலாம். பழைய ஆண்டுகளை அழித்துவிடுவது தீர்வன்று. கம்பெனிகள் சட்டப்படி கணக்கேடுகளை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும்.

காப்புப்பிரதி ஏறாவிட்டால் பிழைச் செய்தியை முழுமையாகப் படியுங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் 3169ஆம் எண் பிழைச் செய்தி, பிரதி எடுத்த பதிப்பு எது, ஏற்க மறுக்கும் பதிப்பு எது என இரண்டையும் தானே சொல்லிவிடுகிறது. ஏற்றும் கணினியின் பதிப்பு, எடுத்த கணினியின் பதிப்புக்குச் சமமாகவோ உயர்வாகவோ இருக்க வேண்டும்.

சர்வரைப் புதுப்பித்தபின் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாவிட்டால், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை மாறியிருக்கலாம். மைஎஸ்க்யூஎல் 8.0, போஸ்ட்கிரெஸ் 14 ஆகியவற்றில் இம்முறை வலுவாக்கப்பட்டது. பழைய இணைப்பு மென்பொருளுக்குப் புதிய முறை புரியாது. சர்வரின் பாதுகாப்பைத் தளர்த்தாமல், மேசைக் கணினியில் உள்ள இணைப்பு மென்பொருளைப் புதுப்பிப்பதே முறை.

போஸ்ட்கிரெஸ்ஸை அடுத்த முதன்மைப் பதிப்புக்கு மாற்றியபின் சர்வர் தொடங்கவே மறுத்தால் அஞ்ச வேண்டாம், தரவுகள் அழிந்துவிடவில்லை. பழைய பதிப்பின் கோப்புகளைப் புதிய பதிப்பு நேரடியாகத் திறப்பதில்லை. அவற்றை மாற்றித் தருவதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு முன் முழுக் காப்புப்பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலாவதி நாள்

மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி இருப்பதுபோல் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அதன்பின் சர்வர் ஓடும். ஆனால் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. எஸ்க்யூஎல் சர்வர் 2012க்கு அந்த நாள் 2022 ஜூலை 12. 2014க்கு 2024 ஜூலை 9. 2016க்கு 2026 ஜூலை 14. மைஎஸ்க்யூஎல் 5.7க்கு 2023 அக்டோபருடன் முடிந்தது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு.

வங்கிகளுக்கும் இந்த ஒழுங்கு கட்டாயமே. ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7 அன்று வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுகை வழிகாட்டுதல், ஆதரவு முடிந்த மென்பொருளைத் தவிர்க்கவும், ஆதரவு முடியும் நாள்களைத் தொடர்ந்து கண்காணிக்கவும் வங்கிகளைப் பணிக்கிறது. பராமரிப்புப் பணிக்காக இரவில் சில மணி நேரம் சேவை இராது என்ற குறுஞ்செய்தி எங்களிடமிருந்து வரும்போது, அதன் பின்னால் இத்தகைய பணியும் இருக்கலாம் என்பதை வாடிக்கையாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

உங்கள் சர்வரைப் புதுப்பித்துத் தருவதாகக் கூறி வங்கியிலிருந்து யாரும் உங்களை அழைப்பதில்லை. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலோ கடவுச்சொல் அல்லது ஓடிபி கேட்டாலோ இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள்.

மருந்து வணிகரின் கதைக்குத் திரும்புவோம். முந்தைய ஆண்டுகளைத் தனித் தரவுத்தளத்துக்கு மாற்றியபின் பில்லிங் மீண்டும் தொடங்கியது. அறிக்கையும் அந்த மாதத்துக்குள்ளேயே கைக்கு வந்தது. அடுத்த முறை கடைக்கு ஆய்வுக்குச் சென்றபோது, கணினியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டோம். சர்வரின் பெயர், பதிப்பு எண், வகை, ஆதரவு முடியும் நாள், கடைசியாகக் காப்புப்பிரதி எடுத்து ஏற்றிப் பார்த்த நாள் என ஐந்து வரிகள் அதில் இருந்தன. அந்த ஐந்து வரிகளை எழுத உங்களுக்கு அரை மணி நேரம் ஆகலாம். அடுத்த சரக்கிருப்பு அறிக்கையைத் தயாரிக்கும் நாளன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.