கியா பார்மும் கீழ்வெள்ளமும்

பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி, போ கம்பெனியின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முனைக்கு அருகே, கியா பார்ம் சந்தையில் கோசும் சோளமும் ஸ்ட்ராபெரியும் பேரம் பேசி வாங்குகிறவர்களுக்கு, 2013 அக்டோபர் தொடங்கி மறு வருஷம் நவம்பர் வரையில் கேமரன் மலை அனுபவித்த துயரங்களுக்கும், அக்கடைகளின் பின்னே ஏறிச் செல்லும் சரிவுகளுக்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றுவது அரிது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பாக்கார் அணையின் மதகுகள் அடைமழையால் திறக்கப்பட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த ஜனங்களிற் சிலர் உயிரையும் பலர் வீடுவாசலையும் பறிகொடுத்தனர். மறு வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி, மழையும் மண்சரிவும் அதே பிரதேசத்தில் மறுபடியும் உயிர்ப்பலி கொண்டன.

அணையைக் குறைகூறுவது சுலபம். ஆனால், மின்சார உற்பத்திக்காக 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தில், நீர் நிற்க வேண்டிய இடத்தில் பெரும் பங்கை மண் பிடித்துக்கொண்டுவிட்டது. பெர்த்தாம் ஆறு மாத்திரமன்றி, வடக்கே ஓடும் தெலோம் ஆற்று நீரும் சுரங்க வழியே அதற்குத் திருப்பப்பட்டிருப்பதால், மேலே கரையும் மண்ணில் ஏராளம் அங்கேதான் போய்ப் படிகிறது.

1929-இல் ரஸ்ஸல் என்னும் வெள்ளைக்காரர் காட்டைத் திருத்தித் தேயிலை வைத்தபோதும் மண் கரைந்திருக்கும். எனினும் முதிர்ந்த தேயிலை, செடியோடு செடி தலைகூடிப் பாய் விரித்தாற்போல் நிலத்தை மூடிவிடுவதால், மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குவதில்லை. காய்கறி நிலமோ வருஷத்தில் பலமுறை கொத்திக் கிளறப்படுவது. அதன்மேல் பிளாஸ்டிக் கூரை போட்டாலும், கூரையில் விழும் நீர் அத்தனையும் மண்ணில் ஊறாமல் ஒரே மூச்சில் கால்வாய்க்கு ஓடி, வழியிலுள்ள கரையை அரித்துச் செல்கிறது. வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் பயிரிடுகிறவன், பத்து வருஷம் நிற்கும் கல்வரப்புக்குப் பணம் போடமாட்டான் என்பது என் அபிப்பிராயம். உரிமமே இன்றிக் காட்டை வெட்டியவர்களைப் பற்றிக் கேட்பானேன்!

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 2013 பொதுத் தேர்தலில் 462 வாக்கு வித்தியாசத்தில் கேமரன் மலைத் தொகுதியை வென்ற மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ஜி. பழனிவேல், அக்காலத்தில் இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சராகவும் இருந்தார். ஆனால் நிலமோ, அரசியல் சாசனப்படி, மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இரண்டாம் வெள்ளத்துக்குப் பிறகு அதிகாரிகள் சட்டவிரோதத் தோட்டங்களுக்குள் புகுந்து சோதனை நடத்தியபோது, கூலிக்கு மண்வெட்டி பிடித்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பிடிபட்டார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்தவர்களிடமிருந்தே விசாரணையைத் தொடங்கியிருக்கலாம்.