வயல் கருவிகளுக்குக் கம்பியில்லா முறையில் புது நிரல்

மண் ஈரத்தை அறிவிக்கும் உணர்கருவிகளையும், தானாகத் திறந்து மூடும் பாசன வால்வுகளையும் உழவர்கள் சிலர் கூட்டாக அமைத்துக்கொள்வதுண்டு. அவற்றை இயக்கும் நிரலில் பிழை கண்டால் ஒவ்வொன்றாகக் கழற்றத் தேவையில்லை. லோராவான் முறையில் இயங்கும் கருவிகளுக்குத் தொலைவிலிருந்தே ஒருசேரப் புது நிரல் அனுப்பலாம். இதற்கான விதிமுறைகளை லோரா அலையன்ஸ் 2018-இல் வெளியிட்டது.

மின்கலத்தில் இயங்கும் உணர்கருவி பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கும். தான் செய்தி அனுப்பிய பின் சிறிது நேரமே பதிலுக்குச் செவிசாய்க்கும். ஆகவே, முதலில் எல்லாக் கருவிகளின் கடிகாரங்களையும் ஒன்றாக்க வேண்டும். அடுத்து, பொதுவான குழு முகவரியையும் இரகசியச் சாவியையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கொடுத்து, விழித்திருக்க வேண்டிய நேரத்தையும் குறித்தல் வேண்டும். அந்த நேரம் நீண்டால் மின்கலம் விரைவில் தீரும்.

நிரல் சிறு துண்டுகளாகவே செல்லும். சில துண்டுகள் வழியில் தவறும். நடவு வயலில் பாடுவாசி நிரப்ப நாற்று மிச்சம் வைப்பதில்லையா? அதுபோல, மூலத் துண்டுகளைக் கலந்து உருவாக்கிய உபரித் துண்டுகளும் அனுப்பப்படும். அவற்றைக்கொண்டு விடுபட்டதைக் கருவியே கணக்கிட்டுக்கொள்ளும்.

குழுச் சாவி எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றே என்பதை மறத்தலாகாது. ஒரு கருவி களவு போனால், அதன் சாவியைக்கொண்டு மற்றவற்றுக்குப் போலி நிரல் அனுப்ப இடமுண்டு. எனவே, தயாரிப்பாளரின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே நிரலை ஏற்கும் கருவியைக் கேட்டு வாங்குக.

பாசனம் நடக்கும்போது நிரலை மாற்றலாகாது. கருவி நின்று மறுபடி இயங்கும் வேளையில் வால்வு திறந்தபடியே இருந்துவிடலாம். முதலில் ஒரு கருவியில் மட்டும் மாற்றி, ஒரு பாசனம் முடியும்வரை பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு அனுப்புவது நலம். அதுவரை பழைய நிரலும் கருவியில் இருக்கட்டும்.