போர்ட் வைக்கச் சொன்னால்

"அக்கா, போர்ட் வைக்கச் சொல்லிட்டாங்கன்னா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தமா?"

டீ டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டாள் கீழ்வீட்டுப் பெண். அவளுடைய மாமியாருக்கு வலது மார்பில் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் சில மாதம் கீமோ கொடுக்க வேண்டும், அதற்கு முன் மருந்து ஏற்றுவதற்குத் தோலுக்கு அடியில் போர்ட் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கீமோ வார்டில் நான் நர்ஸாக இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வி காதில் விழாத வாரம் கிடையாது. யார் கிளப்பிவிட்டதோ, போர்ட் என்றாலே கடைசிக் கட்டம் என்று ஒரு பேச்சு.

அப்படி இல்லம்மா. என்ன மருந்து, எத்தனை மாதம், கை நரம்பு தாங்குமா, இதைப் பார்த்துத்தான் போர்ட். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கும் வைப்பார்கள். முற்றிய நோய்க்கு மாத்திரையிலேயே சிகிச்சை என்றால் வைக்க மாட்டார்கள்.

"கையில வென்ஃப்ளான் போட்டு ஏத்திட முடியாதா? குளுக்கோஸ் ஏத்துற மாதிரி?"

ஏற்றலாம். நான்கைந்து தடவையோடு முடிகிற சிகிச்சை, நல்ல பருமனான நரம்பு, உறுத்தாத மருந்து என்றால் கையே போதும். அப்படிப்பட்டவருக்குப் போர்ட் தேவையில்லாத செலவு, தேவையில்லாத தழும்பு. ஆனால் உன் மாமியாருக்கு எழுதியிருக்கும் மருந்துகளில் டாக்ஸோரூபிசின் இருக்கிறது பார். பாட்டிலிலேயே செக்கச்செவேல் என்று இருக்கும். நோயாளிகள் சிவப்பு மருந்து என்பார்கள். அது நரம்புக்குள் போகிறவரை சரி. ஊசி கொஞ்சம் நகர்ந்து மருந்து வெளியே சதையில் கசிந்தால் அந்த இடம் வெந்துபோகும். கொப்புளம், ஆறாத புண், சிலருக்கு வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டிய நிலைமை. கசியாவிட்டாலும் நரம்பின் உள்சுவரை மருந்து அரிக்கும். சில சுற்றுக்குள் நரம்பு கறுத்து, தொட்டால் கயிறு மாதிரி இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு முறையும் சிஸ்டர் தட்டித் தட்டிப் பார்ப்பதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், இந்தக் கை, அந்தக் கை என்று குத்துவதும்தான். ரத்தப் பரிசோதனைக்கும் அதே கைதான் வேண்டும். போதாததற்கு, மார்பு ஆபரேஷனில் அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டால், அந்தப் பக்கக் கையில் முடிந்தவரை ஊசி போடக் கூடாது என்பார்கள். வீக்கம் வரும் என்ற பயம். மிஞ்சுவது ஒரே கை.

இருக்கிற நரம்பெல்லாம் கெட்ட பிறகு "இப்போ போர்ட் வைக்கலாமா" என்று யோசிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் சுற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது. உங்கள் டாக்டர் முன்கூட்டியே சொல்கிறார் என்றால் அது நல்லதற்குத்தான்.

டீ ஆறுது, குடி.

போர்ட் என்பது சின்ன வட்ட டப்பி. இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் அகலம் இருக்கும். டைட்டானியத்திலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ செய்திருப்பார்கள். மேல்மூடி கனமான சிலிக்கான் ரப்பர். பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய் கிளம்பும். டப்பி காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் உட்காரும். குழாய் கழுத்தில் இருக்கிற பெரிய நரம்புக்குள் நுழைந்து, இதயத்தின் வாசலில், மேற்பெருஞ்சிரை வலது மேலறையோடு சேருகிற இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் ரத்தம் பாய்கிறது. சாயத்தை வயல் வாய்க்காலில் கொட்டுவதற்கும் ஆடி மாதக் காவிரியில் கொட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நரம்புச் சுவரைத் தொடுவதற்குள் மருந்து கரைந்து நீர்த்துவிடும்.

"பெரிய ஆபரேஷனா?"

இல்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மரக்கவைத்தே செய்துவிடுவார்கள்; குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பார்கள். ஸ்கேன் வைத்துக் கழுத்து நரம்பைப் பார்த்துக் குழாயை விடுவார்கள். மார்பில் ஒரு சின்னக் கீறல், அதில் டப்பி. குழாயின் முனை சரியான இடத்தில் நிற்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில நாள் வலி, கன்றிப்போன நிறம் இருக்கும். உன் மாமியாருக்கு வலது மார்பு என்பதால் பெரும்பாலும் இடது பக்கம் வைப்பார்கள். ஒன்று மட்டும் மறக்காமல் சொல்: உள்ளாடைப் பட்டை தோளில் எங்கே வருகிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் காட்டச் சொல். இதை யாரும் கேட்பதில்லை. பிறகு மாதக்கணக்கில் பட்டை உராய்ந்து அவதிப்படுவது நோயாளிதான்.

புண் ஆறியபின் தலைக்குக் குளிக்கலாம், வேலை செய்யலாம். வெளியே எதுவும் தொங்காது. கையில் நீளக் குழாய் விடும் பிக் லைன் என்று ஒன்று உண்டு. வைப்பது சுலபம், செலவும் முதலில் குறைவு. ஆனால் முனை வெளியே இருப்பதால் வாராவாரம் டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், தண்ணீர் படாமல் காக்க வேண்டும். பிரிட்டனில் 1000-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளிடம் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, 2021-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பிக் லைன் வைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல்; போர்ட் வைத்தவர்களில் 32 சதவீதம். போர்ட்டே மேல். ஆனால் அந்த 32-ஐயும் கவனி. சிக்கலே வராத பொருள் என்று யாராவது விற்றால் நம்பாதே.

இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பது ஊசியில்தான். போர்ட்டுக்கென்று தனி ஊசி, பெயர் ஹூபர். அதை முதலில் யோசித்தவர் அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த ஒரு பல் டாக்டர். அவர் காலத்தில் போர்ட் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டாக்டர் நீடர்ஹூபரும் கூட இருந்தவர்களும் போர்ட்டைப் பற்றி எழுதினார்கள். சாதாரண ஊசியின் முனை, ரப்பரில் குத்தும்போது பொடித்துண்டாக அதைச் செதுக்கி எடுத்துவிடும். நாலு தடவை அப்படிக் குத்தினால் மூடி ஒழுகும். ஹூபர் ஊசியின் முனை லேசாக வளைந்து, துளை பக்கவாட்டில் இருக்கும். ரப்பரைக் கீறிக்கொண்டுதான் உள்ளே போகும். எடுத்ததும் கீறல் தானாக மூடிக்கொள்ளும். அதனால்தான் ஒரே மூடி ஆயிரம் குத்துக்கு மேல் தாங்குகிறது. தெருமுனை லேபில் "அதான் போர்ட் இருக்கே" என்று சாதா ஊசியை எடுத்தால் கையைத் தட்டிவிடச் சொல்.

ஊசி போடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார். சிஸ்டர் மாஸ்க் போட்டு, சுத்தமான கையுறை மாட்டி, மருந்தால் தோலைத் துடைத்து அது காயும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டு மூன்று விரலால் டப்பியின் ஓரத்தைப் பிடித்து அசையாமல் நிறுத்துவார். "மூச்சை இழுங்கம்மா" என்று சொல்லி நேராக அழுத்துவார்; டப்பியின் அடித்தட்டில் ஊசி முட்டுவது கைக்குத் தெரியும். உடனே மருந்தை ஏற்றிவிடக் கூடாது. முதலில் ரத்தம் திரும்ப வருகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும், பிறகு 10 மில்லி சிரிஞ்சில் சலைன் விட வேண்டும். சின்ன சிரிஞ்ச் வேண்டாம்; அதில் அழுத்தம் கூடிக் குழாய் கிழியலாம். சலைன் போகும்போது சிலருக்கு வாயில் உப்புக் கரிக்கும், ஒரு மாதிரி வாடை வரும். பயப்பட ஒன்றுமில்லை, நாக்கில் ஒரு மிட்டாய் போட்டுக்கொண்டால் போதும். ரத்தம் திரும்பவில்லை என்றால் குழாய் முனையில் நார்ப்படலம் மூடியிருக்கலாம், ஊசி விலகியிருக்கலாம். "பரவாயில்ல, போகுது" என்று சிவப்பு மருந்தை ஏற்ற ஆரம்பித்தால் அங்கே நிறுத்தச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு.

எனக்குத் தெரிந்து எல்லோரும் தவறவிடுவது காய்ச்சலை. போர்ட்டில் ஊசி போட்ட அன்றோ, சலைன் விட்ட சில மணி நேரத்திலோ உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சல் வந்தால், குழாயில் கிருமி இருக்கிறது என்று நினைக்க வேண்டும். கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும் நேரம். பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருக்காதே, ராத்திரியானாலும் கிளம்பு. போர்ட் இருக்கும் பக்கத்துக் கையோ கழுத்தோ முகமோ வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கும் அன்றே போக வேண்டும்.

செலவைக் கேட்டாள். டப்பிக்கு ஒரு விலை, தியேட்டருக்குத் தனி, ஒவ்வொரு முறையும் ஹூபர் ஊசிக்குத் தனி. மூன்றையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு, காப்பீட்டில் எது வரும் என்று காப்பீட்டு மேசையில் விசாரிக்கச் சொன்னேன். வைத்ததும் ஓர் அட்டை தருவார்கள். போர்ட்டின் பெயர், வகை எல்லாம் அதில் இருக்கும். அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சிடி ஸ்கேனில் மெஷின் வேகத்தில் ஏற்றுகிற மருந்தை எல்லா போர்ட்டும் தாங்காது. தாங்குகிற வகையா என்பதை அந்த அட்டைதான் சொல்லும்.

"கீமோ முடிஞ்சதும் எடுத்துடுவாங்களா?"

உடனே எடுக்க மாட்டார்கள். மறுபடி தேவைப்படாது என்று டாக்டருக்குத் தோன்றும்வரை இருக்கும். சிலருக்கு வருஷக்கணக்கில்கூட. அதுவரை சும்மா இருக்கும் போர்ட்டையும் குறிப்பிட்ட இடைவெளியில் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். பல இடங்களில் அதோடு ஹெப்பாரினும் விடுவார்கள். சில ஆஸ்பத்திரியில் 4 வாரத்துக்கு ஒருமுறை, சில இடத்தில் 3 மாதம்வரை விடுகிறார்கள். சிகிச்சை முடிந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டு, பிறகு அடைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. எடுப்பதும் மரக்கவைத்துச் செய்கிற சின்ன வேலைதான், பெரும்பாலும் பழைய தழும்பு வழியாகவே எடுத்துவிடுவார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.