உப்புநீரும் ஒரு படகு மோட்டாரும்

பேராவூரணிப் பகுதியில் வாழும் நம்மில் பலர் நெல்லையும் தென்னையையும் அறிந்த அளவுக்குக் கடலை அறிந்தவர்கள் அல்லர். ஆனால் சேதுபாவாசத்திரமும் மல்லிப்பட்டினமும் நமக்கு அண்டை ஊர்களே. அங்கே சில ஃபைபர் படகுகளின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் சிறு இயந்திரத்தை நண்பர்கள் பார்த்திருக்கலாம். அதற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். மேலே எஞ்சின், நடுவில் நீண்ட கால், அடியில் பற்சக்கரப் பெட்டியும் விசிறியும் என்பது அதன் அமைப்பு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரிலிருந்து இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்னரும் சிலர் முயன்றதுண்டு. ஊர் ஊராகப் பரவியது அவருக்குப் பின்னரே. (அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.)

அத்தகைய பழைய மோட்டார் ஒன்றை எங்கள் வீட்டுத் திண்ணையில் நானும் என் தந்தையும் பிரித்துப் புதுப்பித்தோம். தந்தை பம்புசெட்டு பழுது பார்ப்பவர். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தண்ணீர் வராத நாட்களில் அவருக்கு வேலை அதிகம். மோட்டார் அவருடையது அன்று. சேதுபாவாசத்திரத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் என் சித்தப்பாவுடையது. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலில் படகையும் மோட்டாரையும் இழந்தவர் அவர். படகை ஒருவாறு மீட்டுக்கொண்டார். மோட்டாருக்கு மட்டும் பிறரை அண்டியே இருந்தார். கிடைக்கும் மீனைப் பங்கு பிரிக்கும்போது ஆளுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு என்பதுபோல் மோட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. இரவல் மோட்டாரில் போகிறவருக்கு அந்தப் பங்கு வீடு வந்து சேராது. அதனால்தான் இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய இருவீச்சு மோட்டார் ஒன்றை அவர் மலிவாக வாங்கி வந்தார்.

மலிவு என்றால் காரணம் இருக்கும் அல்லவா? கயிற்றை இழுத்தால் மோட்டார் கிளம்பும். கால் மணி நேரம் ஓடிச் சூடேறி நின்றுவிடும். பாக் நீரிணையில் மோட்டார் நிற்பது சிறிய செய்தி அன்று. 1974-இல் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு அங்கே தண்ணீரில் வரைந்து காட்டப்படவில்லை. நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைப் படகில் இருப்பவர் முடிவு செய்ய இயலாது.

முதலில் அமுக்கம் பார்த்தோம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அமுக்கமானியைத் திருகிக் கயிற்றை இழுக்க வேண்டும். கீழ்ச் சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு காட்டியது. மேல் சிலிண்டர் 85. இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு இருத்தலாகாது. மேல் சிலிண்டர்தான் கெட்டது என்றதுமே தந்தை, "தண்ணி மேல ஏறலடா" என்றார். குளிர்விக்கும் நீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. நீர் குறைந்தால் முதலில் வேகுவது மேலே இருப்பதுதான்.

இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. காலின் அடிப்பகுதியில் உள்ள சல்லடைத் துளை வழியே கடல்நீர் நுழைகிறது. அங்கே இறகுகள் கொண்ட ரப்பர் இம்பெல்லர் ஒன்று சுழன்று நீரை மேலே தள்ளுகிறது. நம் வயல் பம்புசெட்டின் இம்பெல்லர் வார்ப்பிரும்பு. அது நீரைச் சுழற்றி வெளியே வீசும். இதுவோ மையம் விலகிய கூட்டுக்குள் இறகுகளை மடக்கியும் விரித்தும் நீரைப் பிழிந்து தள்ளும். நீர்தான் இதற்கு மசகு. நீரின்றிச் சில நொடிகள் ஓடினாலே ரப்பர் தேய்ந்து கருகத் தொடங்கும். கரையில் வைத்து "ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம்" என்பவர்கள் இதை அறிதல் நலம்.

கூட்டைத் திறந்தபோது ஆறு இறகுகளில் மூன்றே இருந்தன. நான் புதிய இம்பெல்லரை எடுத்தேன். தந்தை தடுத்தார். "மிச்சம் மூணு எங்க போச்சு?" என்றார். இரண்டு துண்டுகள் ஏறுகுழாயிலேயே அகப்பட்டன. மூன்றாவது துண்டைத் தேடித்தான் சிலிண்டர் தலையைக் கழற்ற வேண்டியதாயிற்று. அலுமினியத்தில் இறுகிய எஃகு போல்ட்டுகள் எளிதில் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் வார்ப்பை இதமாகச் சூடுபடுத்தி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்றினோம். நீர்ப்பாதையின் ஒரு வளைவில் அந்தத் துண்டு அடைத்துக் கிடந்தது. அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்புப் பாறை.

அது வெறும் கறியுப்பு அன்று. கடல்நீரைச் சூடாக்கினால் அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து கார்பனேட்டாகப் படியும். ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ச்சும் பானையின் அடியில் படிவதும் அதுவே. இதனால்தான் கடல் மோட்டார்களைக் குளிர்ச்சியாகவே ஓட விடுகிறார்கள். கார் எஞ்சினின் நீர் 80, 90 பாகை செல்சியஸில் ஓடும்; கடல் மோட்டார்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட் 50, 60 பாகையிலேயே திறந்துவிடும். வெந்நீரில் வினிகர் கலந்து ஊற்றிப் படிவைக் கரைத்தோம். உடனே நல்ல நீரில் கழுவினோம், அலுமினியத்தை அமிலத்தில் நெடுநேரம் விடக்கூடாது.

மேல் பிஸ்டனின் ரிங்குகள் கரியில் ஒட்டிக் கிடந்தன. சிலிண்டர் சுவரில் மெல்லிய கீறல்கள். பட்டுக்கோட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் அளந்து, போர் பெரிதாக்கத் தேவையில்லை எனக் கண்டு, ஹோனிங் மட்டும் செய்து புதிய ரிங்குகள் போட்டோம். இருவீச்சு எஞ்சினில் சிலிண்டர் சுவரிலேயே வாயில்கள் உள்ளன. ரிங்கின் முனை அவற்றில் மாட்டாதிருக்கப் பிஸ்டன் பள்ளத்தில் சிறு ஊசி ஒன்று இருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அந்த ஊசியின்மேல் சரியாக அமரவேண்டும். கார்ப்பரேட்டரைக் கழுவியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் யாரும் செய்வதே.

வேதியியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. காலின் அடியில் திருகியிருக்கும் சிறு துத்தநாகக் கட்டி வெறும் அலங்காரம் அன்று. கடல்நீரில் எஃகும் அலுமினியமும் சேர்ந்தால் ஒரு மின்கலமே உருவாகி அலுமினியம் அரிக்கப்படும். துத்தநாகம் தானே முன்வந்து கரைந்து அதைக் காக்கிறது. ஹம்ப்ரி டேவி 1824-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளுக்கு இதே முறையைச் சொன்னார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சு இல்லாததால் கப்பலின் அடியில் கொட்டலசுகள் செழித்து வளர்ந்துவிட்டன! எங்கள் மோட்டாரை முன்பு வைத்திருந்தவர் அந்தக் கட்டியின்மேலும் அழகாக வண்ணம் பூசியிருந்தார். வண்ணத்துக்கு அடியில் துத்தநாகம் புதிதுபோல் இருந்தது. சுற்றியிருந்த அலுமினியம் பொரித்த அப்பளமாயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கட்டி மாட்டினோம்.

பற்சக்கரப் பெட்டியின் அடித் திருகைக் கழற்றியதும் பால் விட்ட தேநீர்போல எண்ணெய் வடிந்தது. எண்ணெயில் நீர் கலந்ததற்கு அதுவே அடையாளம். விசிறியைக் கழற்றிப் பார்த்தால் தண்டைச் சுற்றித் தங்கூசி நரம்பு சுருண்டு, ஆயில் சீலை அறுத்திருந்தது. சீலை மாற்றி, எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக ஏற்றினோம். மேல்துளையில் வழியும்வரை ஏற்றினால்தான் உள்ளே காற்று தங்காது.

ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி மோட்டாரை அதில் இறக்கினோம். புதிய ரிங்குகளுக்காக முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய். அதன்பின் 20 மில்லி. நான்காம் இழுப்பில் கிளம்பியது. பக்கத்துத் துளையிலிருந்து விரல் பருமனில் நீர்த்தாரை பாய்ந்தது. அரைமணி ஓடியும் தாரை மெலியவில்லை, தொட்டால் வெதுவெதுப்புதான்.

நம் கடலில் கடற்புல் மிகுதி. ஆவுளியாக்களின் உணவான அப்புல்வெளிக்காகவே 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் புல்லே சல்லடைத் துளையையும் அடைக்கும். எனவே தாரை மெலிந்தால் உடனே மோட்டாரை நிறுத்திப் புல்லை எடுக்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பினோம். கரை திரும்பியதும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிட வேண்டும் என்பதும் நிபந்தனை. குடிக்கவே குடம் குடமாகச் சுமக்கும் வீட்டில் மோட்டாருக்கு ஒரு டிரம் தண்ணீரா என்று சித்தி முதலில் முணுமுணுத்தார். மோட்டார் பங்கு வீடு வரத் தொடங்கிய பிறகு, படகு திரும்பும் நேரம் பார்த்து அவரே டிரம்மை நிரப்பி வைக்கிறார்.