சொன்னதை மட்டும் செய்யும் வண்டி

ரோபோவின் மூளையான ஆர்டுயினோ போர்டிலிருந்து மோட்டாருக்கு நேராக வயர் கொடுத்தால் சக்கரம் சுற்றாது. முதன்முதலாக ரோபோ கிட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளில் பலர் இதைத்தான் முதலில் செய்து பார்க்க நினைப்பார்கள். மூளை இருக்கிறது, கால் இருக்கிறது, நடுவில் இன்னொரு சிவப்புப் பலகை எதற்கு? நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் ரோபோ என்ற விஷயத்தில் பாதி விளங்கிவிடும்.

போர்டில் இருக்கும் ஏ.டி.மெகா328பி சில்லு ஒரு முனை வழியாகப் பாதுகாப்பாகத் தரக்கூடிய மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் அளவுதான். 40ஐத் தாண்டினால் சில்லுக்கே ஆபத்து. சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றை எரிக்க அது போதும். கிட்டோடு வரும் மஞ்சள் நிற மோட்டாரோ, சென்னை ரிச்சி தெருவில் ‘பி.ஓ. மோட்டார்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே அது, சும்மா சுற்றுவதற்கே நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சக்கரம் பாயின் விளிம்பில் சிக்கி நின்றுவிட்டால் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். அந்தச் சிவப்புப் பலகையின் பெயர் மோட்டார் டிரைவர். சில்லு தரும் சின்னச் சைகையை வாங்கிக்கொண்டு, பேட்டரியின் பலத்தை அது மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. பாகன் காதருகே ஒரு சொல் சொல்ல, யானை மரத்தை இழுக்கிற ஏற்பாடுதான்.

டிரைவருக்குள் ஒவ்வொரு மோட்டாருக்கும் நான்கு மின்சுவிட்சுகள் இருக்கின்றன. மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டைப் போட்டால் மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்து சக்கரம் முன்னே போகும். மற்ற இரண்டைப் போட்டால் பின்னே வரும். பிள்ளைகளிடம் இதைத் தாளில் வரைந்து காட்டி, எந்தச் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று அவர்களையே சொல்லவிட வேண்டும். ஒரே பக்கத்தில் உள்ள இரண்டையும் போட்டால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும் என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். வேகத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. சில்லு விநாடிக்குச் சுமார் 490 முறை மின்சாரத்தை விட்டு விட்டுத் தருகிறது. மின்சாரம் பாயும் நேரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். நிரலில் இது 0 முதல் 255 வரையான ஓர் எண்.

இரண்டு சக்கரமும் ஒரு உருளைச் சக்கரமும் கொண்ட, முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் ஒதுங்கிப் போகும் வண்டிதான் தொடக்கக்காரர்களுக்கான கிட்டுகளில் அதிகம் கிடைப்பது. அதைக் கோர்ப்பது ஒரு மாலைநேர வேலை. அக்ரிலிக் தட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை நகத்தால் உரிப்பது சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கட்டம், அதை அவர்களுக்கே விட்டுவிடலாம். நட்டு, போல்ட்டு முடுக்குவதும் அப்படித்தான். சாமர்த்தியம் வேண்டியது வேலையின் வரிசையில்தான். எல்லாவற்றையும் பூட்டி முடித்து ஒரேயடியாகச் சுவிட்சைப் போட்டால், வண்டி ஓடாதபோது எங்கே தவறு என்று யாருக்கும் தெரியாது. முதலில் போர்டை மட்டும் யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, அதிலேயே பதிந்திருக்கும் எல்.இ.டி.யை மினுக்கிப் பார்க்க வேண்டும். அடுத்து ஒரு மோட்டார், பிறகு இரண்டாவது, அதன் பின் சென்சார். மோட்டார்களைச் சோதிக்கும்போது வண்டியை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்தால் சக்கரங்கள் காற்றில் சுற்றும், வண்டி மேசையிலிருந்து விழாது.

சில கோளாறுகள் எல்லா வீட்டிலும் வரும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்த்து இணைக்காமல் விட்டால், சில்லு அனுப்பும் சைகை டிரைவருக்குப் புரியாது. ஒன்றும் நடக்காது, அல்லது ஏதேதோ நடக்கும். செவ்வக 9 வோல்ட் பேட்டரி இன்னொரு பொறி. எண் பெரிதாக இருப்பதால் அதைத்தான் கை தேடும். ஆனால் மோட்டார்கள் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் நெடுநேரம் தர முடியாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, போர்டு அணைந்து மீண்டும் தொடங்கும். நான்கு ஏ.ஏ. பேட்டரிகள் போடும் 6 வோல்ட் பெட்டி அதைவிட மேல். அதிலும் எல்298என் என்ற பழைய வகை டிரைவர் தன் பங்குக்கு 2 வோல்ட் வரை தின்றுவிடும் என்பதால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 4 வோல்ட்தான்.

இனி, வலது சக்கரம் முன்னே போக இடது சக்கரம் பின்னே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இடது மோட்டாரின் இரு வயர்களையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். வயரைத் தொடாமல் நிரலில் ஓர் எண்ணை மாற்றினாலும் சரியாகிவிடும். ஒரே பிழைக்குத் திருப்புளியாலும் தீர்வு உண்டு, விசைப்பலகையாலும் உண்டு என்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும் இடம் இது. பெரியவர் அவசரப்பட்டு வயரைப் பிடுங்கி மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பிள்ளைகளும் ஓர் இயந்திரமும் இப்படிச் சேர்ந்து உட்காரலாம் என்பதை முதலில் தீவிரமாக யோசித்தவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வந்தார். கணினி என்றால் ஓர் அறையை அடைத்து நிற்கும் பொருளாக இருந்த 1967இல், வாலி ஃபூர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து குழந்தைகளுக்கான ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார். சிறிது காலத்தில் அந்த மொழிக்குக் கீழ்ப்படியும் ஓர் ஆமை ரோபோ வந்தது. தரையில் ஊர்ந்துகொண்டே, அடிவயிற்றில் இருந்த பேனாவால் தாளில் கோடு போடும். சிறு வயதில் பேப்பர்ட்டுக்குக் காரின் பல்சக்கரங்கள் மீது தீராத காதல். பெருக்கல் வாய்ப்பாட்டையே மனத்துக்குள் பல்சக்கரங்களாகப் பார்த்ததாக 1980இல் வெளியான ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். தனக்குப் பல்சக்கரம் செய்த உதவியைக் கணினி மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் என்பது அவருடைய நம்பிக்கை.

அவருடைய முறை இன்றைக்கும் அப்படியே உதவும். ஆமையை வட்டம் போட வைப்பது எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால் சூத்திரம் சொல்ல வேண்டாம். நீயே ஆமையாகி நடந்து பார் என்று சொன்னால் போதும். பிள்ளை எழுந்து ஓர் அடி வைக்கும், கொஞ்சம் திரும்பும், மறுபடி ஓர் அடி, மறுபடி கொஞ்சம். சிறிது நேரத்தில் நிரலை அதன் கால்களே எழுதிவிடும்.

நம் இரண்டு சக்கர வண்டியைத் திருப்புவதற்கும் இதே வழிதான். ஒரு சக்கரம் முன்னே, மற்றது பின்னே போனால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். கிட்டுகளில் வரும் சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் 65 மி.மீ. அப்படியானால் சுற்றளவு 20.4 செ.மீ., ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 5 சுற்று. இரு சக்கரங்களுக்கும் நடுவே 13 செ.மீ. இடைவெளி இருந்தால், அது சக்கர விட்டத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. வண்டி தன் இடத்தில் ஒரு முழு வட்டம் திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 2 முறை சுழல வேண்டும். அரைச் சுழற்சிக்கு 90 பாகை. ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மூச்சுவிடாமல் கிடந்த பை, இங்கே ஒரு வண்டியை ஓட்டுவதற்குத் தேவைப்படுகிறது.

கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்த பிறகும் வண்டி 90 பாகை திரும்பாது. காரணம், எளிய கிட்டுகளில் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணும் உறுப்பு இல்லை. எத்தனை மில்லி விநாடி மோட்டார் ஓட வேண்டும் என்றுதான் நிரலில் சொல்ல முடியும். மொசைக் தரையில் ஒரு கணக்கு, பாயின் மேல் வேறொரு கணக்கு. புது பேட்டரி போட்டபோது அழகாகத் திரும்பிய வண்டி, பேட்டரி தேய்ந்ததும் வழியிலேயே நின்றுவிடும். போதாக்குறைக்கு, ஒரே பையிலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நேராகப் போ என்றால் வண்டி மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். வேகமான மோட்டாருக்கு 255க்குப் பதில் 240 கொடுத்து, ஓடவிட்டு, பிறகு 235, மறுபடி ஓடவிட்டு என்று பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு சரிசெய்வார்கள். திரையில் ஓடும் விளையாட்டுகளில் இந்த உராய்வும் தேய்மானமும் கிடையாது. ரோபோ கிட்டுக்குச் செலவழிக்கும் பணம் இதற்குத்தான் தகும்.

வண்டியின் முகப்பில் இரண்டு கண்களைப் போலத் தெரிவது எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி சென்சார். உண்மையில் ஒன்று வாய், மற்றது காது. சில்லு கட்டளையிட்டதும் அது 40 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் துடிப்புகளை வெளியிடும். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் நமக்கு எதுவும் கேட்காது. எதிரில் சுவர் இருந்தால் ஒலி பட்டுத் திரும்பும், போய்வர ஆன நேரத்தை ஆர்டுயினோ அளக்கும். 20 பாகை செல்சியஸில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குப் போய்வர 58 மைக்ரோ விநாடி ஆகும். ஆக, 1,160 மைக்ரோ விநாடி என்று வந்தால் சுவர் 20 செ.மீ.யில் இருக்கிறது. பிள்ளைகள் கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு இதைச் சரிபார்க்க முடியும், பார்க்கவும் வேண்டும். நோட்டுப் புத்தகத்தை நேராகப் பிடித்தால் தூரம் சரியாக வரும். சாய்த்துப் பிடித்தால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும். தலையணையோ திரைச்சீலையோ ஒலியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும், அதனால் வண்டி சோபாவில் போய் முட்டும்.

நிரல் இப்போது நாலைந்து வரிதான். தூரத்தை அள. 20 செ.மீ.க்குக் குறைவென்றால் நில், பின்னே வா, வலது பக்கம் திரும்பு. இல்லையென்றால் முன்னே போ. மறுபடி தொடக்கத்திலிருந்து.

இதை ஏற்றி வண்டியை ஒரு பெரிய காலி மண்டபத்தில் விட்டால் சில நேரம் வினோதமாக நடந்துகொள்ளும். எதிரே ஒன்றுமே இல்லாதபோது திடீரென நின்று, பின்வாங்கி, திரும்பும். மீண்டும் நிற்கும். பிள்ளைகள் முதலில் சென்சார் கெட்டுவிட்டது என்பார்கள். கணினித் திரையில் அளவுகளை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியவரும். சென்சாருக்காகப் பலரும் பயன்படுத்தும் ‘நியூபிங்’ என்ற நிரல் தொகுப்பு, எதிரொலி வராவிட்டால் 0 என்ற எண்ணைத் தருகிறது. எதிரே ஒன்றும் இல்லை என்பது அதற்குப் பொருள். ஆனால் 0 என்பது 20ஐவிடக் குறைவு. மூக்கில் சுவர் ஒட்டியிருப்பதாக எண்ணி வண்டி பின்வாங்குகிறது. நாம் நினைத்ததை அது செய்யவில்லை, எழுதியதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது. தூரம் 0 ஆக இல்லாமலும் 20க்குக் குறைவாகவும் இருந்தால் மட்டும் நில் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளை இந்தப் பிழையைத் தன் கண்ணால் பிடித்துவிட்டால், ‘பூஜ்யம்’, ‘ஒன்றுமில்லை’ ஆகிய இரண்டும் வேறு வேறு என்பதை அதற்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து அறையின் மூலை. எப்போதும் வலது பக்கமே திரும்பும் வண்டி சில மூலைகளில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை வலம், மறுதடவை இடம் என்று சில பிள்ளைகள் எழுதுவார்கள். அது இன்னும் மோசமாக மாட்டும். பகடை உருட்டுவதுபோல ஏதோ ஒரு பக்கம் திரும்பவைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். சென்சாரை ஒரு சின்ன செர்வோ மோட்டாரின் மேல் வைத்து, இரு பக்கமும் பார்த்து, இடம் அதிகமுள்ள பக்கம் திரும்புவது அதைவிட நல்ல வழி. இதில் எதையும் பெரியவர் முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என்று ஓடவிடும் முன் கேட்பதுதான் அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

வயதைப் பொறுத்தவரை, எட்டு ஒன்பது வயதுக்குத் தட்டச்சு நிரல் வேண்டாம். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ‘ஸ்க்ராட்ச்’ போல, வண்ணக் கட்டங்களை அடுக்கி எழுதும் முறையே ஏற்றது. அதை அடிப்படையாகக் கொண்ட ‘எம்பிளாக்’ போன்றவை ஆர்டுயினோவுடனும் பேசும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் அரைப்புள்ளி விடுபட்டால் வரும் பிழைச் செய்தியைப் பொறுத்துக்கொள்ளும் பக்குவம் வந்துவிடும். பள்ளிகளில் இதற்கு இடம் தருவதற்காகவே 2016இல் மத்திய அரசு தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டம், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு அடல் டிங்கரிங் ஆய்வகங்களை நாடெங்கும் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை நிதி தந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஓர் ஆய்வகம் இருந்து பூட்டிக் கிடக்குமானால், அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேப்பர்ட்டின் நூலிலிருந்து பெயரெடுத்து லெகோ நிறுவனம் 1998இல் கொண்டுவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ கிட் மிக அருமையான பொருள். கால் நூற்றாண்டுக்குள் எத்தனையோ பிள்ளைகளை ரோபோவுக்கு அழைத்துவந்தது. 2022இன் முடிவில் அந்த வரிசையையே லெகோ நிறுத்திவிட்டது. ஒரே நிறுவனத்தின் உதிரிபாகத்தையும் செயலியையும் நம்பியிருக்கும் கிட்டுகளுக்கு இந்த ஆபத்து உண்டு. 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் பிறந்த ஆர்டுயினோவின் வடிவமைப்பு யாரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. மோட்டார், டிரைவர், சென்சார் ஒவ்வொன்றும் தனித்தனியே கடையில் கிடைக்கும், ஒன்று எரிந்துபோனால் அதை மட்டும் மாற்றலாம். வண்டியில் அலுத்துவிட்டால் அதே சென்சாரைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்தி, மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கலாம். அதற்குத் தேவையான நிரலில் முக்கால்வாசியைப் பிள்ளைகள் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.