கடலூர் டு சிதம்பரம்... கரன்ட்ல போலாமா?

வீட்ல காரை மாத்தணும்னு பேச்சு வந்தாலே இப்ப பட்டிமன்றம்தான். "எலெக்ட்ரிக் வாங்கலாம், பெட்ரோல் காசு மிச்சம்"னு அம்மா. "நடுரோட்டுல நின்னா யார் தள்றது?"னு அப்பா. காலேஜ் படிக்கிற புள்ளைங்கிறதால தீர்ப்பு உங்க தலையில விழும். அதனால கால்குலேட்டரை எடுங்க பாஸ்!

கடலூர்ல வீடு, சிதம்பரத்துல வேலைன்னு வெச்சுக்குவோம். போக வர சுமார் 90 கிலோமீட்டர். மாசம் 25 நாள்னா, ரெண்டு மாசத்துக்கு 4,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற காருக்கு 300 லிட்டர் பெட்ரோல் வேணும். லிட்டர் 100 ரூபாய்னாகூட 30,000 ரூபாய்! சின்ன எலெக்ட்ரிக் கார் 100 கிலோமீட்டருக்கு சுமார் 15 யூனிட் கரன்ட் சாப்பிடும். ஆக மொத்தம் 675 யூனிட். ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டினா இ.பி. ரேட் எகிறும். யூனிட்டுக்கு 10 ரூபாய்னு தாராளமா போட்டாலும் 6,750 ரூபாய்தான்.

அப்புறம் என்ன தயக்கம்னு கேக்குறீங்களா? இருக்கே!

முதல் சிக்கல் பிளக். வீட்ல இருக்கிற 15 ஆம்பியர் பிளக்குல மணிக்கு மூணு யூனிட் ஏத்தலாம். 90 கிலோமீட்டர் ஓட்டினதை ஈடுகட்ட நாலரை மணி நேரம் ஆகும். போர்ட்டிகோ உள்ள வீடுன்னா ராத்திரி சொருகிட்டுத் தூங்கலாம். சிதம்பரம் தேர் வீதிகள் பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகள்ல கார் நிக்கிறதே தெருவுலதான். ஜன்னல் வழியா வயர் இழுக்க முடியுமா? வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர் வேற சம்மதிக்கணும்!

அடுத்தது புயல். நம்ம ஊருக்கும் அதுக்கும் அப்படி ஒரு பந்தம். 2011 டிசம்பர் 30-ல 'தானே' அடிச்சப்ப மின்கம்பங்கள் வரிசையா சாஞ்சு, பல கிராமங்கள் நாள்கணக்குல இருட்டுல கிடந்துச்சு. 2024-ல ஃபெஞ்சல் வந்தப்ப தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள்ள புகுந்துச்சு. பெட்ரோல் பங்க்குல ஜெனரேட்டர் வெச்சு சமாளிப்பாங்க. வீட்டு இன்வெர்ட்டரால காரை சார்ஜ் பண்ண முடியாது. புயல் எச்சரிக்கை வந்த உடனே ஃபுல் சார்ஜ் போட்டுடணும். தண்ணியில முங்கின காரை சர்வீஸ் சென்டர்ல காட்டாம பிளக்குல சொருகவே கூடாது.

மூணாவது நம்ம நெய்வேலி. 1962-லேர்ந்து அங்க பழுப்பு நிலக்கரியில கரன்ட் எடுக்கிறாங்க. அந்த வகை கரன்ட் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடு வெளிவரும். 15 யூனிட்னா 15 கிலோவுக்கு மேல. பெட்ரோல் கார் அதே 100 கிலோமீட்டருக்கு விடுறதும் சுமார் 15 கிலோதான்! அதாவது முழுக்க நிலக்கரி கரன்ட்டுன்னா, சிதம்பரத்துப் புகையை நெய்வேலிக்கு பார்சல் பண்றோம். அவ்வளவுதான். நல்லவேளையா நம்ம பிளக்குக்கு வர்ற கரன்ட்டுல காற்றாலை, சோலார், கூடங்குளம் எல்லாம் கலந்திருக்கு. அந்தப் பங்கு கூடக் கூட உங்க கார் தானா சுத்தமாகும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அப்ப தீர்ப்பு? தினமும் ஒரே ரூட், சொந்த பார்க்கிங், சொந்த மீட்டர்... மூணும் இருந்தா தைரியமா மாறலாம். தெருவுலதான் பார்க்கிங்கா? மாசத்துக்கு நாலு தடவை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் கார் எடுக்குறீங்களா? அப்ப அவசரமே இல்லை. கொஞ்ச ஓட்டத்துல மிச்சமாகிற பெட்ரோல் காசு, கார் வாங்கும்போது கூடுதலா கொடுத்த பணத்தை ஈடுகட்ட பல வருஷம் ஆகும்.

விளம்பரத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல வீட்டு இ.பி. பில்லையும் காரோட ஓடோமீட்டரையும் பாருங்க!